தனிக் கூண்டில் இருக்கும் 8 ரீசஸ் பெண் குரங்குகள்: ஜோடி சேர்ப்பது எப்படி? முடி பிடுங்கல் நிற்குமா?

வெட்_மதி கேட்டது:

வணக்கம். ஆய்வகக் குரங்குகளோடு புழங்குபவர்களிடம் யோசனை வேண்டும்.

8 ரீசஸ் பெண்கள். வயது 6 முதல் 11, எடை 5 முதல் 7.5 கிலோ. எல்லாம் தனித்தனிக் கூண்டு, மேலே 4, கீழே 4. ஒவ்வொரு கூண்டும் 75 செ.மீ. அகலம், 75 ஆழம், 80 உயரம். பின்பக்கம் இழுத்து நெருக்கும் ஸ்க்வீஸ் தட்டு உண்டு. மூன்று குரங்குகளுக்கு முன்கை, தொடை, முதுகின் கீழ்ப்பாதியில் முடி இல்லை. ஒன்று நாள் முழுக்க வட்டமடிக்கிறது. இன்னொன்று அவ்வப்போது தன் முன்கையையே கடிக்கிறது. ரப்பர் பந்து, ஸ்டீல் கண்ணாடி எல்லாம் போட்டாயிற்று. மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நெறிமுறைக் குழு எழுத்தில் ஒரு திட்டம் கேட்கிறது. புதுக் கூண்டுக்கு இந்த வருடம் பணம் கிடையாது.

கேட்க வேண்டியவை மூன்று. ஜோடி சேர்த்தால் கடித்துக் குதறிக்கொள்ளுமா? முடி பிடுங்கலுக்கு வேறு என்ன செய்யலாம்? மாதம் ஒரு முறை 3 மி.லி. ரத்தம் வேண்டும், நெருக்கித் தட்டு, கெட்டமின் (மயக்க மருந்து) இரண்டும் இல்லாமல் எடுக்க முடியுமா?

---

கூண்டுத்தாழ்:

டாக்டர், முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் இதில்தான் தொங்குகின்றன.

பந்து மூன்று நாளில் அலுப்பது இயல்பு, அது எதற்கும் பதில் செய்யாது. பேன் பார்க்க எதிரே ஒரு ஆள் இருந்தால் பத்து வருடமானாலும் அலுக்காது. வளர்ந்த ரீசஸ்களைச் சேர்க்கவே முடியாது, கொன்றுவிடும் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பிரைமேட் மையத்தில் விக்டர் ரைன்ஹார்ட், வருடக்கணக்கில் தனியாக இருந்த வளர்ந்த பெண்களைப் பெண்களோடும் ஆண்களை ஆண்களோடும் ஜோடி சேர்த்து, அந்தப் பேச்சை உடைத்தார். அவர் செய்ததின் சாரம்: யார் மேல், யார் கீழ் என்பது கம்பிக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் இருக்கும்போதே தீர்ந்துவிட வேண்டும். தீர்ந்த பிறகுதான் கதவு.

தோற்பவர்களில் பெரும்பாலோர் இதைத் தாண்டிக் குதித்தவர்கள். ரீசஸ் படிநிலை விஷயத்தில் ரொம்பக் கறார். நம் கோயில் வாசலில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்கைப் பார்த்துவிட்டு ரீசஸிடம் அதே தாராளத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஆள் தேர்வு: வயதும் எடையும் வித்தியாசப்படட்டும். 11 வயது, 7.5 கிலோவை 6 வயது, 5 கிலோவோடு வைத்துப் பாருங்கள். சமபலக் காரர்கள் இருவர் என்றால் விவகாரம் தீரவே தீராது. டிபி முடிவும், ஹெர்பீஸ் பி, ரெட்ரோவைரஸ் ஆகிய வைரஸ் தொற்றுகளின் நிலையும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், ஜோடி என்றால் எச்சில் பகிர்வு என்றுதான் அர்த்தம்.

பிறகு 5 முதல் 7 நாள், பார்க்கலாம் தொட முடியாது என்ற நிலை. நடுத்தடுப்பு கம்பிவலையாக இருந்தால் விரல் உள்ளே போகும், போனால் அந்தப்பக்கத்துக்காரி விரல்நுனியைக் கடித்து எடுத்துவிடுவாள். துளையிட்ட பாலிகார்பனேட் தகடு, அல்லது 5 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு வலை. தினம் இரண்டு தடவை, 20 நிமிடம், தூரமாக உட்கார்ந்து எழுதுங்கள். ஆள் முன்னால் நின்று உற்றுப் பார்த்தால் அதுவே மிரட்டல். கேமரா இருந்தால் இன்னும் நல்லது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு ஆள் மட்டும் பல்லைக் காட்டி இளிக்கிறாளா, விலகி இடம் விடுகிறாளா, திரும்பிப் பின்புறம் காட்டுகிறாளா. குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று போட்டோ எடுப்பவர்கள் உண்டு. அது பணிவு, பயம். அது எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் விவகாரம் தீர்ந்துவிட்டது. உதடு படபடவென்று அடிப்பது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சந்தோஷம். இரண்டு பேரும் வாயைத் திறந்து மிரட்டி, தடுப்பைப் பிடித்து உலுக்கினால் அந்த ஜோடியைக் கைவிட்டு ஆளை மாற்றுங்கள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இழுப்பது வீண்.

கதவு திறக்கும் நாள் திங்கள் அல்லது செவ்வாய், காலையில். வெள்ளிக்கிழமை திறந்துவிட்டு சனி, ஞாயிறு யார் வருவது? இருவருக்கும் சொந்தமில்லாத கழுவிய இரட்டைக் கூண்டில், இருவரையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒருத்தியின் வீட்டுக்குள் மற்றவளை அனுப்பினால் வீட்டுக்காரி அடிப்பாள். எல்லாம் இரண்டு இருக்க வேண்டும்: தண்ணீர் நிப்பிள் 2, தீவனப் பெட்டி 2, உட்காரும் கட்டை 2, எதிர் எதிர் மூலைகளில். நடுவில் ஒளிபுகாத் தகடு வைத்து, அதில் 30 செ.மீ. சதுர வழி இரண்டு விடுங்கள், ஒன்று முன்னால் கீழே, ஒன்று பின்னால் மேலே. ஒரே வழி வைத்தால் மேலானவள் அந்த வாசலிலேயே உட்கார்ந்துகொள்வாள். அது மறைப்பாக இருக்காது, ஜெயிலாகிவிடும்.

முதல் 30 நிமிடம் கண் எடுக்கக் கூடாது. ஏறிக்கொள்வது, துரத்துவது, முடியைப் பிடித்து இழுப்பது, சின்னக் கீறல்: இவற்றுக்கெல்லாம் பிரிக்காதீர்கள். விடாப்பிடியாகக் கவ்வுவது, முகத்திலோ கையிலோ வாலிலோ ஆழக் காயம், கீழானவள் மூலையை விட்டு அசையாமல் சாப்பிடாமல் ஒரு முழு நாள் இருப்பது: உடனே பிரிக்க வேண்டும். முதல் மாதம் வாரம் ஒரு எடை. அமைதியாக இருக்கிற ஜோடியில் கீழானவள் பட்டினி கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, தராசில்தான் தெரியும்.

கூண்டு அளவு பற்றி: அமெரிக்க ஆய்வக விலங்கு வழிகாட்டியில் 10 கிலோ வரையுள்ள மக்காக்குக்கு (ரீசஸ் சேர்ந்த குரங்கு இனம்) தலைக்கு 0.40 சதுர மீட்டர் தரை, 76 செ.மீ. உயரம். உங்கள் இரண்டை இணைத்தால் 1.12 சதுர மீட்டர் வரும், அந்தக் கணக்கில் தேறும். ஐரோப்பிய 2010/63 உத்தரவில் குறைந்தபட்ச அடைப்பே 2 சதுர மீட்டர் தரை, 1.8 மீட்டர் உயரம். அதில் தேறாது. குழுவுக்கு எழுதும்போது இரண்டு எண்ணையும் எழுதுங்கள், அடுத்த வருடப் பணம் கேட்க அதுதான் பிடி.

---

தோல்நோக்கி:

முடி இல்லை என்றவுடன் மன அழுத்தம் என்று எழுதிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள் டாக்டர்.

முதலில் வெற்றிடத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முடி வெவ்வேறு நீளத்தில் ஒடிந்து நின்றால் பிடுங்கல். வழவழவென்று, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பருவ உதிர்வு, கர்ப்பம், வயது, ஹார்மோன் என்று போக வேண்டும். தோலைச் சுரண்டி எடுத்து உண்ணி, பூஞ்சை பாருங்கள். மலத்தில் முடிச்சுருள் இருந்தால் பிடுங்கித் தின்கிறாள், வயிற்றில் உருண்டையாகக் கட்டும் ஆபத்தும் உண்டு.

கை எட்டாத இடம் எது என்று யோசித்தாலே பாதி விடை வரும். தனிக் கூண்டில் இருப்பவளுக்கு முன்கை, தொடை, வயிறு போகும்; நடு முதுகு தப்பிக்கும். நீங்கள் சொன்ன படத்தில் முதுகின் கீழ்ப்பாதி இருப்பதால் பிடுங்கலோடு இன்னொரு காரணமும் கலந்திருக்கலாம். கம்பியில் சாய்ந்தே உட்கார்ந்து தேய்கிறதா என்றும் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை, ஒரே இடம், ஒரே வெளிச்சம், நான்கு பக்கமும் போட்டோ. 0 முதல் 5 வரை மதிப்பெண். குரங்கின் பெயர் தெரியாத ஒருவர் மதிப்பிடட்டும். இல்லாவிட்டால் ஜோடி சேர்த்த மறுமாதமே எல்லோருக்கும் முடி வளர்ந்தது போலத் தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். ஜோடி சேர்த்தால் வட்டமடிப்பது குறையும் என்று தைரியமாக எதிர்பார்க்கலாம். முடி விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். மேலானவள் கீழானவளின் முடியைப் பிடுங்குவதும் நடக்கும், அப்போது நடு முதுகும் தலையும் காலியாகும். அதற்காகப் பிரித்துவிடாதீர்கள். மொட்டை முதுகோடு துணை இருப்பது, முழு முடியோடு தனியாகச் சுற்றுவதைவிட அவளுக்கு எவ்வளவோ மேல்.

கையைக் கடிப்பவள் வேறு கேஸ். எப்போது கடிக்கிறாள் என்று இரண்டு வாரம் நேரம் போட்டுக் குறியுங்கள். அனேகமாகப் புது ஆள் உள்ளே வரும்போது, பக்கத்துக் கூண்டுக்கு முதலில் தீவனம் போடும்போது, யாரையாவது பிடிக்கும்போது என்று ஒரு பொழுது தெரியவரும். அந்தப் பொழுதை மாற்ற முடியுமா பாருங்கள்: தீவனத்தை அவளிடமிருந்து ஆரம்பிப்பது, பிடிக்கும் வேலையை அவள் கண்ணில் படாத அறைக்கு மாற்றுவது. கடித்தவுடன் ஓடிப்போய் வாழைப்பழம் நீட்டுவது மட்டும் வேண்டாம். கடித்தால் பழம் வரும் என்று கற்றுக்கொண்டுவிடுவாள்.

---

வெட்_மதி:

நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். இரவில் பிரித்து வைக்கலாமா? ஆய்வு நடத்தும் பேராசிரியர், "இத்தனை நாள் தனியாக இருந்த குரங்கின் ரத்த அளவுகள் என்னிடம் இருக்கின்றன, நடுவில் துணை வந்தால் டேட்டா கெடும்" என்கிறார். அவருக்கு என்ன பதில்?

---

ஊசிக்கை:

பேராசிரியர் பயம் புரிகிறது. ஆனால் அவர் கையில் இருப்பது சாதாரணக் குரங்கின் அளவு அல்ல சார். நெருக்கித் தட்டை இழுக்கிற சத்தத்திலேயே பயம் ஏறிவிடும். சில நிமிடத்தில் சர்க்கரையும் வெள்ளணுவும் உயரும், பின்னாலேயே கார்ட்டிசாலும். கெட்டமின் கிலோவுக்கு 10 மி.கி. போட்டு எடுத்தால் மருந்தின் வேலையும் சேர்ந்துவிடும். நடுவில் மாற்றுகிறோம் என்பது உண்மையான சிக்கல்தான். அதற்கு வழி: 8-ல் 4-ஐ முதலில் ஜோடியாக்கி, மீதியை ஒரு மாதம் கழித்து மாற்றி, தேதியைப் பதிவில் போடுங்கள். முன்னும் பின்னும் ஒப்பிட அவருக்கே வசதி.

இனி ரத்தம். முடியும். வாரம் 5 நாள், ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம். எத்தனை வாரம் என்று தேதி சொல்ல முடியாது, குரங்குக்குக் குரங்கு மாறும்.

கிளிக்கர் ஒன்று, அதாவது அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் தரும் சின்னக் கருவி. 30 செ.மீ. பிவிசி குச்சி, நுனியில் சிவப்பு மூடி. பரிசாக, அன்றாடம் கிடைக்காத ஒன்று: பாதி திராட்சை, ஒரு பொட்டுக்கடலை. காலைத் தீவனத்துக்கு முன் செய்யுங்கள், பட்டினி போடத் தேவையில்லை.

முதல் இரண்டு நாள் வேலை ஒன்றுமில்லை: கிளிக், உடனே பரிசு, 20-30 தடவை. கிளிக்குக்கும் பரிசுக்கும் நடுவே ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது. போனால், அந்த நொடியில் அவள் செய்த வேறு எதையோ கற்றுக்கொள்வாள். பிறகு சிவப்பு மூடியைத் தொட்டால் கிளிக். தொட்டுக்கொண்டே இருந்தால் கிளிக்: 1 நொடி, 2, 5, 10, 30. அடுத்து முன்பக்கம் பக்கவாட்டாக உட்கார்ந்து தொடையை வாசல் ஓரம் கொடுக்கும்படி குச்சியை நகர்த்துவது. அதன் பிறகு தொடுதல்: கை, மூடிய பேனா, உலர்ந்த பஞ்சு, ஸ்பிரிட் பஞ்சு, ஊசி இல்லாத சிரிஞ்ச், மூடிய ஊசி, கடைசியில் குத்தல்.

எங்கே கெடும் என்றால் ஸ்பிரிட் பஞ்சில். குளிர்ச்சியும் வாசனையும் பிடிக்காது, காலை இழுத்துவிடுவாள். அவசரப்பட்டுக் காலைப் பிடித்தீர்களோ, போச்சு, பேனாவிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஒரு படி தவறினால் இரண்டு படி கீழே இறங்கி, அவள் நன்றாகச் செய்கிற ஒன்றில் அன்றைய பாடத்தை முடியுங்கள். இன்னொன்று, குத்தல் பழகியபின் எல்லாப் பாடத்திலும் குத்தாதீர்கள். ஒரு நிஜக் குத்தலுக்கு ஐந்தாறு வெறும் பாடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் காலடிச் சத்தத்துக்கே பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஜோடியில் பயிற்சி என்றால் பயிற்சி கொடுப்பவர் இரண்டு பேர், இரண்டு நிறக் குச்சி. மேலானவளுக்கு அவள் குச்சியில் நின்றதற்கு மட்டுமல்ல, கீழானவள் சாப்பிடும்போது சும்மா இருந்ததற்கும் பரிசு கொடுங்கள். நெருக்கித் தட்டைக் கழற்றிவிட வேண்டாம், அவசரத்துக்கு வேண்டும். பாட நேரத்தில் அதன் பிடியைத் தொடாமல் இருந்தால் போதும்.

---

தீவனரூம்:

எல்லாரும் பெரிய விஷயம் பேசிட்டீங்க. நான் காசில்லாம செய்யக்கூடியதைச் சொல்றேன்.

காட்டுல குரங்கு பொழுதுல பெரும்பங்கு சாப்பாடு தேடுறதுலதான் போகும். நம்ம பெட்டியில பெல்லட் (அரைச்சு உருட்டின தீவனம்) போட்டா கன்னப்பையில அடைச்சிட்டு ரெண்டு நிமிஷத்துல தேடல் முடிஞ்சுது. மீதி நேரம் என்ன பண்ணும், சுத்தும், முடியைப் பிடுங்கும். பெட்டியைத் தவிர்த்து அதே பெல்லட்டை கூண்டோட கம்பிக்கூரை மேல பரப்புங்க. ஒவ்வொண்ணா விரலால திருப்பி, கடிச்சு, சின்னதாக்கி உள்ள இழுக்கணும். செலவு பூஜ்யம். கீழ்வரிசைக்கு மேல இடம் இல்லன்னா முன்பக்கம் வெளியில ஒரு கம்பிவலைப் பெட்டி மாட்டுங்க.

அளவு: உடல் எடையில 3 முதல் 4 சதவீதம். 6 கிலோன்னா 180 முதல் 240 கிராம், ரெண்டு வேளையாப் பிரிச்சு. பயிற்சிப் பரிசு, கம்பு, பொரி, பொட்டுக்கடலை எல்லாம் சேர்ந்து அதுல பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நிலக்கடலை ரொம்பப் பிடிக்கும், ஆனா பூஞ்சை வச்ச கடலையில அஃப்ளடாக்சின்ங்கிற விஷம் இருக்கும், கல்லீரல் போயிடும். கறுத்தது, சுருங்கினது எதையும் போடாதீங்க.

பெல்லட் மூட்டையில அரைச்ச தேதி பாருங்க, வாங்கின தேதி இல்ல. குரங்குக்கும் நம்மள மாதிரி வைட்டமின் சி உடம்புல ஊறாது. நிலைப்படுத்தாத வைட்டமின் சி போட்ட தீவனம்னா அரைச்சு 90 நாளுக்குள்ள தீர்த்துடணும், அதுவும் குளிர்ச்சியான உலர்ந்த அறையில. நம்ம ஊர் ஏப்ரல் மே வெயில்ல தகரக் கொட்டகையில மூட்டை கிடந்தா 90 நாள் கணக்கு செல்லாது. ஈறுல ரத்தம், கை கால் அசைச்சா வலி, சோர்ந்து உட்கார்றதுன்னா முதல்ல அந்த மூட்டையைச் சந்தேகப்படுங்க. தலைக்குக் கால் கொய்யா, இல்லன்னா அரை நெல்லிக்காய் தினம் குடுங்க. நெல்லிக்காயை முதல் நாள் துப்பும், பழகிக்கும்.

கட்டை: கொய்யாக் கிளை, புளியங்கிளை, 4 செ.மீ. கனம், காய்ஞ்சது. உட்கார்ந்தா தலை கூரையில இடிக்கக் கூடாது, வால் தரையில படக் கூடாது, அந்த உயரம். கடிச்சுக் கடிச்சுத் தேயும், தேயட்டும், அதுக்குத்தான் போடுறோம். மூங்கில் வேண்டாம், சிம்பு ஏறும். அரளி, கள்ளி பக்கமே போகாதீங்க. மரக்கடைத் துண்டுல வார்னிஷ், கரையான் மருந்து இருக்கும், அதுவும் வேண்டாம்.

பிவிசி பைப்புல தேடுபொருள் பண்ணினா ஓட்டையோட ஓரத்தை அரம் போட்டு மழுக்குங்க. விரல் போய் மடங்கிச் சிக்கிக்கிற அளவு ஆபத்து: ஒண்ணு விரலே நுழையாத ஓட்டை, இல்ல கை தாராளமா வந்து போற ஓட்டை. சங்கிலி கழுத்தைச் சுத்தாத நீளம், அதாவது சாண் நீளம்கூட வேண்டாம். நட்டு எப்பவும் கூண்டுக்கு வெளியே. கம்பளித் துணி சுத்தின பலகையில கம்பு தூவிக் கொடுத்தா பேன் பார்க்கிற மாதிரியே நோண்டி நோண்டி எடுக்கும். ஆனா நூல் பிரிஞ்ச அன்னிக்கே தூக்கிடுங்க, விரல்ல சுத்தினா ரத்த ஓட்டம் நிக்கும், முழுங்கினா குடல்ல மாட்டும்.

---

கூண்டுத்தாழ்:

இரவு பற்றிக் கேட்டீர்கள். இதில் இரண்டு கட்சி உண்டு. முதல் சில இரவு தடுப்புப் போட்டுப் பிரித்து, காலையில் சேர்ப்பது ஒன்று. சேர்த்தது சேர்த்ததுதான் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். தினம் காலை கதவு திறப்பது தினம் ஒரு அறிமுகம், தினம் ஒரு பதற்றம். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள், கேமரா ஓடட்டும். எதிரெதிர் மூலையில் முறைத்துக்கொண்டிருந்தால் துளைத்தகட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஊசிக்கை சொன்னதில் ஒரு சேர்க்கை. மயக்கம் கொடுத்து எடுத்தே ஆக வேண்டிய நாளில், பாதி தெளிந்தவளைத் துணையிடம் விடாதீர்கள். தள்ளாடுபவளைப் பார்த்தால் நேற்று வரை பணிந்தவளுக்கும் மேலே ஏறத் தோன்றும். நன்றாகத் தெளிந்து, கட்டையில் ஏறி, சாப்பிட்ட பிறகு, முதலில் தகடு வழியாக, பிறகு கதவு.

இரட்டைக் கூண்டை மேலும் கீழுமாக இணைப்பதா, பக்கவாட்டிலா என்றால், ஆரம்பத்துக்குப் பக்கவாட்டு. மேல்கீழ் இணைப்பில் மேல்தட்டு முழுவதும் மேலானவளுக்குப் போய்விடும், கீழே இருப்பவளுக்கு இருட்டு. கீழ்வரிசைக்கு வெளிச்சம் பாதிகூட வராது, ஒரு லக்ஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், குழுவில் அந்த எண்ணையும் காட்டுங்கள். பக்கவாட்டில் இணைத்தால் மேல்வரிசை ஜோடியையும் கீழ்வரிசை ஜோடியையும் சில வாரத்துக்கு ஒரு முறை ஜோடியாகவே இடம் மாற்றலாம். எதிர்க்கூண்டு யார் என்பது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது முகம் எதிரே மிரட்டினால் அந்தக் கோபம் பக்கத்தில் இருக்கும் துணை மேல் இறங்கும்.

---

ஊசிக்கை:

விட்டுப்போனது ஒன்று. கை கம்பிக்குப் பக்கத்தில் போகிற வேலை கூடுகிறது, எனவே கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை மூடும் தகடு, முகக்கவசம், இரட்டைக் கையுறை. 1997-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வகப் பெண் பணியாளர் கண்ணில் தெறித்த திரவத்தின் வழியே ஹெர்பீஸ் பி தொற்றி இறந்தார், கடிபடவே இல்லை. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கண் என்றால் சலைன் அல்லது தண்ணீரில் 15 நிமிடம், அதற்குப் பிறகுதான் போன். கடிகாரம் கழுவுமிடத்திலேயே சுவரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் 15 நிமிடம் என்பது 3 நிமிடமாகிவிடும்.

எதிர்த்திசையும் உண்டு: டிபி நம்மிடமிருந்து குரங்குக்குப் போகும், வந்தால் வரிசை முழுக்கக் காலி. பயிற்சி என்று முகத்துக்கு முகம் உட்காரப் போகிற எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே. குரங்குக்கு மேல் இமையில் 0.1 மி.லி. டியூபர்குலின் (டிபி சோதனை ஊசி), 24, 48, 72 மணி நேரத்தில் பார்வை. இருமல் இருப்பவர் அந்த வாரம் உள்ளே வர வேண்டாம்.

---

வெட்_மதி:

பாலிகார்பனேட் தகடு நாலு வெட்டச் சொல்லிவிட்டேன், கூரைத் தீவனம் நாளையிலிருந்து. திட்டத்தில் கடைசி வரி மட்டும் நிரப்ப வேண்டும்: முதல் ஜோடி யார்? கையைக் கடிப்பவளுக்குத்தான் துணை அவசரம் என்று தோன்றுகிறது. வயது 9, எடை 6.2.

---

தோல்நோக்கி:

அவசரம் அவளுக்குத்தான், ஆனால் முதல் ஜோடி அவள் வேண்டாம். முதல் ஜோடியில் கற்றுக்கொள்ளப் போவது நீங்களும் தாழைத் திறப்பவரும். தாழ் இறுகும், தகடு நகராது, யாராவது சத்தம் போடுவார்கள். வட்டமடிப்பவளையும், 6 வயதில் இருப்பவர்களில் நன்றாகச் சாப்பிடுகிற ஒருத்தியையும் எடுங்கள். கடிப்பவளை மூன்றாவதாக வையுங்கள், அவளுக்கு ஏற்கெனவே எதிர்க்கூண்டிலிருந்து உதடு அடித்துக் காட்டுகிற ஆள் யாராவது இருக்கிறாளா என்று அதுவரை பார்த்துக் குறியுங்கள். இருந்தால் அவள்தான் ஜோடி, எடைக் கணக்கு கொஞ்சம் ஒத்து வராவிட்டாலும்.

---

கூண்டுத்தாழ்:

ஆமோதிக்கிறேன். தகடு வந்ததும் துளை விட்டத்தை அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். 5 மி.மீ. என்று சொன்னால் கடைக்காரர் கையில் இருக்கும் 10 மி.மீ. பிட்டை மாட்டித் துளைத்துத் தருவார், அதில் சுண்டுவிரல் போகும்.